மகளிர் வார்டில் திருநங்கை நிற்கலாமா?

செம்மண்:
உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே எங்கள் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் திருநங்கை நிற்கலாமா? கூடாது என்பது என் கருத்து. வெறுப்பில் சொல்லவில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்கள் ஒதுக்கீடு 33 சதவீதத்திலிருந்து 50 ஆனதே 2016-இல்தான். அதிலும் எத்தனை ஊரில் தலைவி கையெழுத்து மட்டும் போடுகிறார், நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்! இருக்கிற கொஞ்சத்தையும் பங்கு வைக்கச் சொன்னால் எப்படி?

வழக்காடி:
இது நீதிமன்றம் ஏற்கெனவே பார்த்த வழக்குதான். மத்தியப் பிரதேசம் கட்னியில் பெண்களுக்கு ஒதுக்கிய மேயர் பதவியை கமலா ஜான் ஜெயித்தார். "சட்டப்படி இவர் ஆண்" என்று சொல்லி அந்த வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது. 2014-இல் நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரவரே சொல்லலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரம் ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு திருநங்கை மகளிர் வார்டுக்குப் போட்ட மனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை அவரை நிற்க அனுமதித்தது. நாளைக்குச் சலுகைக்காக ஆண் என்று மாறிக்கொள்ள மாட்டார் என்பதையும் குறித்துக்கொண்டது.

செம்மண்:
அது ஒரு உயர் நீதிமன்றம் ஒரு வேட்பாளருக்குச் சொன்னது. லண்டனில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று என்ன சொன்னது? அதுவும் ஒதுக்கீட்டு வழக்குதான். ஸ்காட்லாந்தில் அரசு வாரியங்களில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டத்தில் யார் பெண் என்ற கேள்வி. பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண்தான் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

வழக்காடி:
அதே தீர்ப்பு, மாற்றுப்பாலினத்தவரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு அப்படியே இருக்கிறது என்றும் சொன்னது. அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஓரக்கண்:
ஏன் இவ்வளவு சண்டை? டவுன் பஸ்ஸில் மகளிருக்கு இலவசம் என்று 2021-இல் வந்தது, திருநங்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லையே.

செம்மண்:
பஸ் டிக்கெட் தீராது தம்பி. வார்டு ஒன்றே ஒன்று.

நிலாமதி:
நான் திருநங்கை. செம்மண் அக்கா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு எங்கே தப்புகிறது என்று பாருங்கள். மீதிப் பாதி பொது வார்டு. பெயருக்குத்தான் பொது. அங்கே கட்சி சீட்டு ஆம்பளைக்குத்தானே போகிறது? அந்தப் பாதியை யாரும் தொடுவதில்லை. அடித்துக்கொள்வதெல்லாம் நீங்களும் நானும்.

வேலூர் மாநகராட்சியில் 2022-இல் கங்கா நாயக் கவுன்சிலரானார். நாங்கள் கொண்டாடினோம். ஆனால் ஒருத்தர் ஜெயித்ததை வைத்தே இன்னும் எத்தனை வருடம் பேசுவது? திருநங்கைகள் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்பது உங்கள் பங்கை இல்லை, கிடைமட்ட இடஒதுக்கீட்டை. பட்டியல் சாதித் திருநங்கைக்கு அந்தப் பிரிவுக்குள், பிற்படுத்தப்பட்டவருக்கு அவர் பிரிவுக்குள் தனி இடம். அரசு வேலைவாய்ப்பில் கர்நாடகம் 2021-இலேயே 1 சதவீதம் கொடுத்துவிட்டது. இங்கே எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டார்கள், பாலினத்தைச் சாதி ஆக்கிவிட்டார்கள்.

செம்மண்:
தனி ஒதுக்கீடு என்றால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். அது வரும்வரை?

நிலாமதி:
அது வரும்வரை எங்கே நிற்பது என்பதுதானே என் கேள்வியும். பொது வார்டில் சீட்டு கேட்டுப் போனேன். எந்தக் கட்சி என்று வேண்டாம். "மகளிர் அணியில் கேளும்மா" என்றார்கள். மகளிர் அணிக்குப் போனால் உங்களை மாதிரி ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

ஓரக்கண்:
🙂

செம்மண்:
சிரிக்காதீர்கள். நிலாமதி, அந்த அக்கா நானாக இருந்தாலும் மகளிர் வார்டு கிடையாது என்றுதான் சொல்லியிருப்பேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உன்னை மகளிர் அணிக்குத் தள்ளிவிட்ட ஆளிடம் கூடவே வந்து சண்டை போட்டிருப்பேன். எங்கள் ஒன்றியத்தில் பொது வார்டு எத்தனை, அதில் பெண்ணுக்கோ திருநங்கைக்கோ கடந்த முறை கட்சிக்காரர்கள் எத்தனை விட்டார்கள் என்று எண்ணிப் போடுகிறேன். வழக்காடி, பழைய வேட்பாளர் பட்டியல் எங்கே எடுக்கலாம்?