பூ விழுந்த பின்னும் பயம் போகவில்லை

கேள்வி: வடமராட்சியான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. பருத்தித்துறைக்கு அருகில் ஆசிரியராக இருக்கிறேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு. என் அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள். அதற்காக அவருடைய இடது முன்கையில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால், மடியில் கிடக்கும் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு சொல்லியிருப்பதால், அம்மா பழைய மூக்குப்பேணியில் கால்வாசிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். அண்ணா அதை அரை மணி நேரம் வைத்துக் குடிக்கிறார்.

பரிசோதனைகளின்படி என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும். கொடு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அண்ணா அந்தப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை. அம்மா மட்டும் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தும் பார்க்காமலும் நடமாடுகிறார். என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலேயே எனக்கு எல்லாம் விளங்குகிறது.

முடிவெடுக்க முடியாமல், எங்கள் ஒழுங்கையிலுள்ள வைரவர் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தேன். செவ்வரத்தம் பூவையும் நந்தியாவட்டையையும் தனித்தனியே வாழையிலையில் சுற்றி வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தேன். வெள்ளை வந்தால் கொடுப்பது என்று நினைத்திருந்தேன், வெள்ளைதான் வந்தது. அன்றிரவு நிம்மதியாக உறங்குவேன் என்று எண்ணியிருந்த எனக்கு, பயம் முன்னையைவிடக் கூடிவிட்டது. பின்னிரவு இரண்டு மணிக்கு எழும்பி, பிள்ளைகள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "முருகா" என்று சொல்லும்போதே நெஞ்சு படபடத்தால், அந்த வாயில் வரும் முருகன் பெயருக்கு என்ன பொருள்? கடவுளை உண்மையாக நம்புகிறவனுக்கு இப்படிப் பயம் வருமா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: சுன்னாகத்தார்

கேட்டீர்கள், வைரவர் பதில் தந்துவிட்டார். பதில் வந்த பிறகும் கலங்குவது, கேட்ட தெய்வத்தை அவமதிப்பது போன்றது. "ஒரு பொல்லாப்புமில்லை" என்று செல்லப்பா சுவாமிகளும் அவருக்குப் பின் யோகர் சுவாமிகளும் சொன்ன மண் இது. அந்த வாக்கை மனத்தில் இருத்தி, காரியத்தைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். யோசிக்க யோசிக்கப் பயம் வளருமே தவிரக் குறையாது.

பதில் 2: நல்லூர்க் கிழவன்

தம்பி, சுன்னாகத்தார் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்றாலும், அவர் சொன்னதோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்தச் சுவாமிகளின் மகாவாக்கியங்களை நாங்கள் இங்கே இரண்டு விதமாகக் கெடுத்து வைத்திருக்கிறோம்: "எப்பவோ முடிந்த காரியம்" என்பதை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும், "ஒரு பொல்லாப்புமில்லை" என்பதை அடுத்தவன் அழும்போது வாயடைப்பதற்கும் பயன்படுத்துகிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 அன்று, யுத்தம் யாழ்ப்பாணத்தை நெருங்கி வர, வலிகாமத்து மக்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, எங்கள் வீட்டில் எழுந்து நடக்க முடியாத என் தாயார் இருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. அவரைக் கொண்டு போனால் வழியிலேயே இறந்துபோகலாம். வீட்டில் இருந்தால் ஷெல் விழலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வளவு மூலையிலிருந்த பிள்ளையாருக்கு முன்னால் ஒரு தேங்காயை உடைத்தேன். சரிபாதியாக உடைந்தால் போவது, கோணலாக உடைந்தால் இருப்பது என்று. கோணலாகத்தான் உடைந்தது. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தாயாரைச் சைக்கிளின் பின் கரியரில் தலையணை வைத்துக் கட்டி, நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். அந்தச் சனத்துக்குள் ஒரு கட்டை தூரம் போகவே மணித்தியாலக் கணக்கானது.

பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. போவதென்று நான் முன்னரே முடிவெடுத்துவிட்டேன். தாயாருக்கு ஏதும் ஆகிவிட்டால் அந்தப் பழியில் பாதியையாவது பிள்ளையார் தலையில் போடுவதற்குத்தான் தேங்காயைத் தேடினேன். தாயார் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்திருந்து தேறினார். அதன் பின்னும் ஏழு வருடம் இருந்தார். இதை நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டமாட்டேன். அதே வழியில் தாயைப் பறிகொடுத்தவர்களும் அதே பிள்ளையாரைத்தான் கும்பிட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்புகிறவனுக்குப் பயம் வருமா என்று கேட்டீர்கள். "அஞ்சுவது யாதொன்றுமில்லை, அஞ்ச வருவதுமில்லை" என்று, தன்னைக் கொல்ல ஏவிய யானைக்கு முன்னால் நின்று பாடியவர் அப்பர் என்பதைச் சிறுவயதிலிருந்தே எல்லோரும் சொல்லித் தந்தார்கள். அதே அப்பர், அதற்கு முன் திருவதிகையில், சூலைநோய் குடலை முறுக்கியபோது பாடிய முதற் பதிகத்தில் "ஆற்றேன் அடியேன்" என்று கதறியதை அந்த அளவுக்குச் சொல்லித் தரவில்லை. தாங்க முடியவில்லை என்று முறையிட்ட வாயும், அஞ்சமாட்டேன் என்ற வாயும் ஒன்றுதான், முறைப்பாடு முந்தியது. நடுங்கிக்கொண்டு சொல்கிற "முருகா" பொய்யென்றால், தேவாரத்தின் பாதியை நாங்கள் எடுத்து வைத்துவிட வேண்டியிருக்கும்.

நீங்கள் சந்நிதிக்குப் போகிறவர். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சில்லாத அந்தச் சந்நிதானத்தில் போய் இருங்கள். ஆம், இல்லை என்று பதில் கேட்க வேண்டாம். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். கொடுக்கும்படியோ கொடாதிருக்கும்படியோ சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பதில் 3: இளவாலைத் தாதி

நான் கத்தோலிக்கப் பெண். ஓய்வுபெறுவதற்கு முன் பல வருடம் சிறுநீரகப் பிரிவில் தாதியாக இருந்தேன். நல்லூர் ஐயாவின் கடைசிப் பந்தியை வாசித்தபோது, எங்கள் பெரிய வியாழன் இரவு நினைவுக்கு வந்தது. கெத்சமனியில் இயேசு ஒரே மன்றாட்டை மூன்று தடவை சொல்கிறார். இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்பதுதான் அது. வியர்வை இரத்தத் துளிகள் போல விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். அவருக்கே அப்படியென்றால், இரவு இரண்டு மணிக்கு எழும்பியிருக்கும் தம்பியை யார் குறை சொல்வது?

ஆனால் செபத்தால் தீர்க்க வேண்டிய பயத்தையும், வைத்தியரிடம் கேட்டுத் தீர்க்க வேண்டிய பயத்தையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்தால் இரண்டும் தீராது. இரண்டாவதைப் பற்றி எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவர்களுக்குள் இழையம் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான். பொருந்தும் என்று சொன்னார்கள் என்றால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள். சிறுநீரகம் கொடுப்பதால் உயிராபத்து ஏற்படுவது மிக அரிது. பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் அது பத்தாயிரம் பேரில் மூவர் அளவில்தான் இருந்திருக்கிறது. எஞ்சிய சிறுநீரகம் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தானே செய்யும். நாலிலிருந்து ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது; ஆயுள் முழுவதும் வருடந்தோறும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அண்ணாவின் நோய்க்கு அதுவே காரணமாக இருந்தால் உங்களைப் பற்றிய கணக்கு முழுதும் மாறிவிடும்.

இன்னொன்று. கொடுப்பவரை வைத்தியர்கள் தனியாக அழைத்துப் பேசுவது வழக்கம். அந்த அறையில் "எனக்கு விருப்பமில்லை" என்று நீங்கள் சொன்னால், காரணத்தை வெளியே விடாமல் "மருத்துவ ரீதியாகப் பொருத்தமில்லை" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்வார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல் வரைக்கும் மனம் மாறலாம். மறுத்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் கடவுளை நம்பாதவர் அல்லர்.

எனக்கு ஒரு குறை உண்டு. உங்கள் கடிதத்தில் வைரவர் பேசுகிறார், பூ பேசுகிறது, அம்மாவின் முகம் பேசுகிறது. உங்கள் மனைவி மட்டும் பேசவில்லை. அவர் சொல்லாமலே எல்லாம் விளங்கிவிட்டது என்கிறீர்கள். எனக்கு அது விளங்கவில்லை, தம்பி. வைத்தியரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மீண்டும் வடமராட்சியான்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சுன்னாகத்தார் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாதி அம்மா சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். நான் விளங்கிக்கொண்டதாக நினைத்தது தவறு. கொடுக்க வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. தன்னிடம் அபிப்பிராயம் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பூ எடுக்கச் சொன்னேன் என்பதுதான் அவருடைய கோபம். எங்கள் அப்பாவுக்கு நீரிழிவு இருந்ததையும் அவர்தான் நினைவுபடுத்தினார். அதை நான் பரிசோதனைப் படிவத்தில் எழுதியிருக்கவில்லை. வியாழக்கிழமை கிளினிக்கில் அதைச் சொல்லப் போகிறோம். அதன் பிறகு என்னை ஏற்பார்களா என்பதே தெரியாது.

நேற்று மாலை சந்நிதிக்குப் போய் ஆற்றங்கரைப் பக்கமாக இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் அண்ணா வீட்டுக்குப் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூக்குப்பேணியை என் பக்கமாக நகர்த்தி, "எனக்கும்தான். இந்தா, இதில் பாதியைக் குடி" என்றார்.