அவரைக் கொடியில் இருந்த புழு எது? (புதுப்பிப்பு)

மாடியில் அவரைக் கொடியின் நுனிகளில் கறுப்பு அசுவினி மொய்த்திருப்பதையும், நடுவே காலில்லாத குட்டிப் புழுக்கள் ஊர்வதையும் சொல்லி, மருந்து அடிக்கவா என்று கேட்டிருந்தேன். "அடிக்காதீங்க, அது அசுவினியைத் தின்னுற சிர்ஃபிட் ஈயோட புழு" என்று பலர் சொன்னீர்கள்.

சரி, அடிக்கவில்லை. ஒரு நுனியை மட்டும் வெட்டி, துணி கட்டிய பாட்டிலில் வைத்தேன். புழு வளர்ந்து வெளியே வந்த ஈ சிர்ஃபிட் இல்லை. மஞ்சள் பட்டை கிடையாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், உடம்பெல்லாம் சாம்பல் பூத்த வெள்ளி நிறம். கமேமையிடே என்ற ஈக் குடும்பம், இதன் புழுவும் அசுவினியைத் தின்பதுதான். லியூகோபிஸ் பேரினமாக இருக்கலாம். இனத்தைச் சொல்ல ஆண் ஈயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு நான் ஆளில்லை.

உங்கள் செடியில் பார்க்க ஒரு லென்ஸ் போதும். பின்முனையைப் பாருங்கள். சிர்ஃபிட் புழுவுக்கு மூச்சுக்குழாய்கள் இரண்டும் ஒட்டி ஒன்றாக நிற்கும். இதற்கு இரண்டு கொம்பு மாதிரி விலகியிருக்கும். கூட்டுப்புழுவிலும் அந்தக் கொம்பு தெரியும்.

செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு உதவுமா என்று கேட்டவருக்கு: இந்தக் குடும்பத்தில் மாவுப்பூச்சி, செதில் பூச்சி தின்பவையும் உண்டு. ஆனால் விலைக்கு வாங்கி விடும் சமாச்சாரம் இல்லை, தானாக வந்தால்தான். அமெரிக்காவில் இதன் உறவான லியூகோடராக்சிஸ் ஈக்களை மேற்குக் கரையிலிருந்து கிழக்கே கொண்டுபோய், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைச் சாகடிக்கும் அடெல்ஜிட் (அசுவினிக்கு உறவான, சாறு உறிஞ்சும்) பூச்சிமேல் விடுகிறார்கள்.

அசுவினி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வேப்பெண்ணெய்கூட இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.