48 வயதில் பதவி உயர்வு வருகிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மூன்றாம் மாடி எழுதியது:

வணக்கம். வயது 48. கணக்குப் பிரிவில் 22 வருடமாக வேலை. எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த நிமிடமே சரி என்றிருப்பேன். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுதான் தோன்றுகிறது.

காரணம் உடம்பு. ஒன்றரை வருடமாகவே சரியில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பிடரியில் ஆரம்பிக்கிற சூடு காது மடல் வரை ஏறும், நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் அதே ஈரத்தில் நடுங்குவேன். உடை மாற்றிவிட்டு வந்து படுத்தால் அப்புறம் தூக்கம் வராது. பீரியட்ஸ் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் பத்துப் பதினோரு நாள் விடாது. முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. நாற்காலியை விட்டு எழும் முன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் மூன்றாவது மாடியில். எப்போதும் படியேறித்தான் பழக்கம். இப்போது நடுவில் இரண்டு முறை நிற்கிறேன். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று கைபேசியைப் பார்ப்பதுபோல் நிற்பேன்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது போன வாரக் கூட்டம். இயந்திரங்களின் மதிப்பு ஏன் குறைந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு சொல் வரவில்லை. 'தேய்மானம்'. 22 வருடமாக எழுதுகிற சொல். எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு மாலை கழிவறையில் போய் அழுதேன். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயம்.

மருத்துவரிடம் போனேன். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், கொஞ்சம் தாங்கிக்குங்க" என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. வீட்டிலும் அதே பேச்சுதான். என் அம்மா ஐம்பதை ஒட்டிய வயதில் நடுராத்திரி எழுந்துபோய் வெறும் தரையில் படுத்துக்கொள்வார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். அப்போது நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நினைப்பும் இப்போது சேர்ந்து உறுத்துகிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு பெரிய பொறுப்பை எடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இது எப்போது முடியும்?

இரவுப் பணி எழுதியது:

தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 56. பெண்கள் பிரிவில் 30 வருடமாகச் செவிலியர். உங்கள் பதிவைப் படித்ததும் வேலையைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. மணிக்கு ஒரு நாப்கின் என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். அது தாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, உடனே காட்ட வேண்டியது. இந்த வாரமே வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். மெனோபாஸுக்கு, அதாவது பீரியட்ஸ் முழுவதுமாக நிற்பதற்கு, முந்தைய வருடங்களில் எல்லா மாதமும் சினைமுட்டை வெளியாகாது. வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். அது ஒருநாள் மொத்தமாக உதிரும்போதுதான் பதினோரு நாள் போக்கு. ஆனால் எல்லாமே இதனால்தான் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. நார்த்திசுக் கட்டியாக இருக்கலாம், பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், அபூர்வமாகப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதனால்தான் 45ஐத் தாண்டியவர்களுக்கு இப்படிப் போகும்போது ஸ்கேன் எடுப்பார்கள், உள்சுவரிலிருந்து துளி திசு எடுத்தும் சோதிப்பார்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள், பல இடங்களில் தாமாக எழுத மாட்டார்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் பெண்களுக்கான கீழ் எல்லையான 12ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும், சேமிப்பு வறண்டு கிடக்கும். படியில் மூச்சு வாங்குவது, சொல் தடுமாறுவது, எரிச்சல் எல்லாம் அதிலிருந்தே வரலாம். தைராய்டும் பாருங்கள்.

மறதிக்கு வருகிறேன். மெனோபாஸை ஒட்டிய வருடங்களில் சொல் நாக்கு நுனியில் நிற்பதும் கவனம் சிதறுவதும் மிகச் சாதாரணம். அமெரிக்காவில் 1990களில் தொடங்கி நடுவயதுப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், இந்தக் காலத்தில் மந்தப்படுகிற கற்றல் வேகம் மெனோபாஸுக்குப் பின் மீள்வதைப் பார்த்தார்கள். தூக்கமில்லாத, ரத்தமும் இல்லாத மூளையிடம் சொல் கேட்டால் அது எங்கிருந்து தரும்?

எப்போது முடியும் என்று கேட்டீர்கள். தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் வரும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும், இதை எல்லாரும் மனதில் வையுங்கள். சூடு ஏறுவது பீரியட்ஸ் நின்றதோடு நிற்காது. அதே ஸ்வான் ஆய்வில், அடிக்கடி அவதிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 7 வருடத்துக்கும் மேல் நீடித்தது. இது தெரிந்தால் 'கொஞ்சம் தாங்கிக்குங்க' என்று சொல்ல மனசு வராது.

ஒரு சின்ன நோட்டு வாங்கி எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை நாப்கின், கட்டி கட்டியாக வந்ததா, ராத்திரி எத்தனை முறை முழிப்பு. "ரொம்பப் போகுது டாக்டர்" என்று வந்து உட்காருபவர்களுக்கும், "3ஆம் தேதி 14 நாப்கின்" என்று காட்டுபவர்களுக்கும் கிடைக்கிற கவனம் வேறு. 30 வருடமாகப் பார்க்கிறேன், இது மாறவே இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

அக்காவின் தங்கை எழுதியது:

இரவுப் பணி அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுத்து ஹார்மோன் மருந்து என்றுதான் பேச்சு போகும், அதற்கு முன்னால் நானும் சொல்லிவிடுகிறேன். என் உடன்பிறந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். ராத்திரி வியர்வைக்கு வேறு வழி உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மருந்துகளைக் குறைந்த அளவில் தருகிறார்கள். மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டில் நேரடியாக வேலை செய்கிற, ஹார்மோன் அல்லாத ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தூக்கத்துக்கான மனநலப் பயிற்சியே பெரிய உதவியாக இருந்தது.

இரவுப் பணி எழுதியது:

உங்கள் முடிவை மதிக்கிறேன் அம்மா. குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசாமல் எடுக்கவே கூடாது. ஆனால் எல்லாருக்கும் அதே பயம் வேண்டாம் என்பதற்காக ஒன்று. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்ட்ரோன் போல வேலை செய்கிற புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதோடு உலகம் முழுக்கப் பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இப்போதைய மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அறுபத்தொன்று எழுதியது:

நான் மருத்துவம் பேசப் போவதில்லை, வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 50 வயதில் இதே மாதிரி ஒரு பொறுப்பு வந்தது. இதே மாதிரி முழிப்பு, இதே வியர்வை. வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் உடம்பு ஒரு நிலைக்கு வந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விடுப்பு அனுமதித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், அவர் மேல் குறை இல்லை. ஆனால் ஓய்வு பெறும் நாள் வரை அந்தக் கடிதத்தை நினைக்காத வாரம் இல்லை. யாரிடமும் காரணம் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் வலிக்கிறது. அவகாசம் கேட்டிருக்கலாம், எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

54இல் குளியலறைப் படியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்தது. எலும்பு அடர்த்தி பார்த்தபோது, இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தருகிற மதிப்பெண் கழித்தல் 2.1 என்று வந்தது. கழித்தல் 2.5 ஆனால் எலும்புத் தேய்வு நோய் என்று பெயர் வைக்கிறார்கள், அதன் வாசலில் நின்றேன். ஈஸ்ட்ரோஜன் குறைகிற வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும் என்பது அப்போதுதான் தெரியும். பயிற்சியாளர் ஒருவரிடம் எடை தூக்கக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் கையில் எதுவும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது மட்டும். பத்து முறைக்குள் தொடை நடுங்கும். இன்றைக்குத் தரையிலிருந்து 40 கிலோ தூக்குகிறேன். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நிபுணர் மேற்பார்வையில் கனமான எடை தூக்க வைத்து எட்டு மாதம் பார்த்தார்கள், முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. நடந்தால் போதும் என்றே எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நடை நல்லது, எலும்புக்கு அது மட்டும் போதவில்லை.

மூன்றாம் மாடி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பதில் எழுதிய எல்லாருக்கும் கைகூப்புகிறேன். நோட்டோடு போனேன். புது மருத்துவர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டார். ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 5. ஸ்கேனில் ஒரு பாலிப் தெரிந்தது. உள்ளே கருவி விட்டு எடுத்துவிட்டார்கள், அன்று மாலையே வீட்டில் இருந்தேன். திசுப் பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த முடிவு வரும்வரை ஆறு நாள் எப்படிப் போனது என்று எழுத முடியாது. ரத்தப்போக்குக்கு ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் வைத்திருக்கிறார்கள். இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார், அப்படி எடுத்தால் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளுமாம். வியர்வை இன்னும் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது ஈஸ்ட்ரோஜன் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்.

வேலைக்கு முதலில் இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் கேட்டேன், அறுபத்தொன்று அக்கா எழுதியதைப் படித்ததால்தான் கேட்டேன். கொடுத்தார்கள். நேற்று சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலைக் கூட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன், ஏன் என்றும் நேராகவே சொன்னேன். எனக்குச் சொல் எடுத்துக் கொடுத்த பெண், தன் அம்மாவுக்காக என் மருத்துவரின் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அம்மாவிடம் போனில் கேட்டேன், "அப்போ உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "யார்ட்ட சொல்றது?" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.

அறுபத்தொன்று அக்கா, ஹீமோகுளோபின் 10.8 ஆகியிருக்கிறது. எடை தூக்க இப்போதே தொடங்கலாமா?

அறுபத்தொன்று எழுதியது:

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். கை இரண்டையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எட்டு முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், வேலையே அதில்தான். தலை சுற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எத்தனை முறை செய்தீர்கள் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.