டயாலிசிஸ் வார்டு வாசலில் பூ கட்டிய அம்மா

அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாமல் போய், டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. மதுரையில், செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் மிஷினுக்குக் காசு இல்லை. ஆனால் ஆட்டோ, மாத்திரை, ஜவுளிக்கடையில் நான் அரை நாள் லீவு போடுவதற்குப் பிடிக்கிற சம்பளம் என்று மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

வீட்டில் தண்ணீர்கூட அளவுதான். அப்பாவுக்குச் சொல்லியிருப்பது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில்தான் மோர், ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அடக்கம். பொட்டாசியம் ஏறக்கூடாது என்பதால் காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இளநீர், வாழைப்பழம் கிட்டேயே போகக்கூடாது. மே மாத வெயிலில் இன்னும் அரை டம்ளர் குடுடா என்று அவர் கேட்கும்போது இல்லப்பா என்று சொல்வது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வேலையை நான் இதுவரை செய்ததில்லை.

இதற்கு நடுவில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வேண்டும். 200 கேள்வி, அதில் 100 தமிழ், தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். உடனே போனை எடுத்து உற்சாகப் பேச்சு வீடியோ பார்ப்பேன். பார்க்கிற பத்து நிமிடம் உடம்பெல்லாம் சிலிர்க்கும், அப்புறம் தூங்கிவிடுவேன். இப்படியே ஆறு மாதம் போனது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அதே நாட்களில் ஒரு அம்மா வந்து உட்காருவார். அவர் கணவருக்கும் டயாலிசிஸ். மாட்டுத்தாவணியில் விடியற்காலையிலேயே மல்லி மொட்டு வாங்கி வந்து, ஈரத்துணியை மடியில் விரித்து, வாழைநாரில் கட்டிக்கொண்டே இருப்பார், மொட்டாகக் கட்டினால்தான் சாயந்திரம் கோயில் வாசலில் விற்கும்போது சரியாக விரியும். விலை ஏறுகிற நாட்களில் அரைக் கிலோ, கால் கிலோ என்று குறைத்துக்கொள்வார், ஆனால் பூ இல்லாமல் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவராகவே கேட்டார், "என்ன தம்பி, பொழுதன்னைக்கும் போனையே பாக்குற?" பரீட்சைக்குப் படிக்கணும்மா, மனசு வரமாட்டேங்குது என்றேன். "எனக்கு மட்டும் மனசு வருதாக்கும்? சும்மா உக்காந்தா உள்ள அந்த மிஷின் சத்தந்தான் காதுல கேக்குது, அதான் கட்டுறேன். நீ நாளைக்கு வரும்போது புஸ்தகத்தக் கொண்டாந்து பக்கத்துல வையி, படிக்காட்டியும் பரவால்ல." நாளைக்கு இல்லம்மா, சனிக்கிழமைதான் என்றேன். சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை ஏழாம் வகுப்பு சமச்சீர் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். முதல் நாள் மூன்று பக்கம். அடுத்த தடவை ஒரு பாடம். ராத்திரிப் படிப்பை அதோடு விட்டுவிட்டேன், இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்தப் பெஞ்சில்தான் படிப்பு, வீட்டில் முடிந்தால் இருபது கேள்வி, முடியாவிட்டால் ஐந்து.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன ஆடியில் மிஷினில் இருக்கும்போதே அப்பாவுக்கு பிரஷர் இறங்கிப் பேச்சு குழறியது. அதற்குப் பிறகு பதினோரு நாள் புத்தகத்தைத் தொடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு ராத்திரி 14416-க்கு, டெலி மானஸ் என்கிறார்களே அந்த அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். எதிர்முனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார், நான் அழுதுகொண்டேதான் பேசினேன். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் இருப்பவர்கள் தயவுசெய்து யாரிடமாவது பேசுங்கள், அது சோம்பேறித்தனம் இல்லை.

பன்னிரண்டாவது நாள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கைப்பிடி மொட்டை என் பக்கம் தள்ளி, நாலு நாலாக எடுத்துக்கொடு என்றார். நான்கு மணி நேரமும் எடுத்துக்கொடுத்தேன். கிளம்பும்போது வீட்டில் அம்மாவுக்கு என்று ஒரு முழம் கொடுத்தார்.

நாளைக்குச் செவ்வாய். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது, பையில் எடுத்து வைத்துவிட்டேன்.