சபையில் எச்ஐவி உள்ள பெண்களுக்கான குழு: கூப்பிடுகிறார்கள், போகலாமா?

வாடாமல்லி எழுதியது:

அக்காமார்களுக்கு வணக்கம். கணவர் நோயில் படுத்தபோதுதான் எனக்கும் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவர் இப்போது இல்லை. மகளுக்குப் பரிசோதித்ததில் தொற்று இல்லை என்று வந்தது, அந்த மட்டில் நிம்மதி. எச்ஐவியை அடக்கி வைக்கும் ஏஆர்டி மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், உடம்பு தேறிவிட்டது. மனசுதான் இன்னும் தேறவில்லை. புகுந்த வீட்டில் என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சபையில் மூத்த அம்மா ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "உன்னை மாதிரிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருநாள் கூடுகிறோம், நீயும் வாம்மா" என்கிறார். எனக்கு விசுவாசம் உண்டு, ஆட்களிடம்தான் பயம். முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வார்களோ? ஜெபம் பண்ணியாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்பார்களோ? அப்புறம், பிழைப்புக்கு ஏதாவது வழி கிடைக்குமா, இல்லை ஜெபத்தோடு முடிந்துவிடுமா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

தங்கச்சி, போங்கள். ஆனால் அந்த அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்த பிறகு போங்கள்.

எனக்கும் எச்ஐவி உண்டு. எனக்குத் தெரியவந்த காலத்தில் சிடி4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை இறங்கினால்தான் மாத்திரை தொடங்குவார்கள். எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தெரிந்தவுடன் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015-இல்தான். அதற்கு முன் எங்களில் பலர் கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் என்னைத் தாங்கிப் பிடித்தது ஒரு ஜெபக்குழு. இன்று அதே குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி.

வெளியே இருந்து பார்த்தால் அது தையல் வகுப்பு. பெயருக்கு வைத்த வகுப்பு இல்லை, நிஜமாகவே தையல் கற்றுக்கொடுத்தார்கள். தையலுக்காக மட்டும் வந்த பெண்களும் எங்களோடு கலந்து உட்காருவார்கள். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பார்க்கிறவர்களால் சொல்லவே முடியாது. தையல் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகுதான் நாங்கள் சிலர் இருந்து ஜெபிப்போம், பேசுவோம், அழுவோம். வருகைப் புத்தகத்தில் பெயர் இருக்கும், நோய் இருக்காது.

ஒரு பெண் வந்தாள். கடைசி மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்காமல் சும்மா பெடலை மிதித்துக்கொண்டிருப்பாள். வாரக்கணக்கில் அப்படித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு துண்டுத் துணியில் ஓரம் மடித்துத் தைத்துக் கொண்டுவந்து, "நேரா இருக்கா அக்கா?" என்றாள். அவள் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. குழுவை நடத்திய அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் கோணலா போயிருக்கு, பிரிச்சுத் தை" என்றார். பரிதாபப்பட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மற்ற பெண்களிடம் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். அவள் முகம் தெளிந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இப்போது அவள் பள்ளிச் சீருடைகளை மொத்தமாக எடுத்துத் தைக்கிறாள்.

மாத்திரை விஷயத்தில் அந்த அக்கா கறார். அப்போது கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மாத்திரையால் பலருக்குத் தலைசுற்றும், கண்டபடி கனவு வரும். வெறுத்துப்போய் நிறுத்தப் பார்த்தவர்கள் உண்டு. அதனால் இரவில் ஒருவருக்கொருவர் போன் பண்ணி "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். பக்கத்தில் யார் இருந்தாலும் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அந்த ஒரு கேள்வியால் உயிரோடு இருக்கிறவர்கள் எங்கள் குழுவில் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

வேறோர் இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் ஒரு சகோதரியின் கதையைப் பிரசங்கத்தில் சாட்சியாகச் சொன்னார்கள். கணவர் எப்போது போனார், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் அதில் இருந்தது. பிறகென்ன, கேட்டவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வீடு மாற வேண்டி வந்தது. ஆகவே முதலிலேயே கேளுங்கள்: என்னைப் பற்றி யார் யாருக்குத் தெரியும்? போதகருக்கும் சொல்வீர்களா? என்னைக் கேட்காமல் ஜெபக்குறிப்பில் போடுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கே வாய் திறக்காதீர்கள்.

"சுகமாகிவிட்டது, மாத்திரையை விடு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நன்றாகச் சொல்கிறேன், எழுந்து வந்துவிடுங்கள். இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே மறுபடி ஏறத் தொடங்கும். ஜெபிக்கிறவர்கள் எல்லாரும் அப்படியில்லை. உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பாதிரியார் கிடியன் ப்யாமுகிஷா தனக்கு எச்ஐவி இருப்பதை 1992-இலேயே வெளிப்படையாகச் சொன்னார். எச்ஐவியோடு வாழும் மதத் தலைவர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். பீடத்தில் நிற்கிறவரே மாத்திரை போடுகிறார் என்றால் நமக்கு என்ன வெட்கம்?

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்து போட்டோ எடுக்கிற உதவி வேண்டாம். ஒருவர் திருப்பிக் கட்டுவதை அடுத்தவருக்குக் கொடுக்கிற சுழற்சிக் கடன் உண்டா, தொழில் கற்றுத்தருவார்களா என்று பாருங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், சொத்தில் உங்களுக்கும் மகளுக்கும் உள்ள பங்கு, இதற்கெல்லாம் அலுவலகத்துக்குக் கூட வர ஆள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூட ஓர் ஆள் நின்றால் அங்கே நம்மிடம் பேசுகிற தொனியே மாறிவிடும்.

வெண்தொப்பி எழுதியது:

ஏஆர்டி மையத்தில் செவிலியாக இருக்கிறேன். ஊசிநூல் அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடித்தால் உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-இலும் 2019-இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில் அப்படி ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. மறுமணம், இன்னொரு குழந்தை என்ற எண்ணம் வந்தால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எச்ஐவி உள்ள பெண்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட 6 மடங்கு. உபவாசம் இருப்பதென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த நாளிலும் மாத்திரை தவறக்கூடாது.

பிறைநிலா எழுதியது:

நான் வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவள், ஆனாலும் இதைச் சொல்லத் தோன்றியது. கணவர் மௌத்தான பிறகு அவருடைய மருத்துவக் கடன் என் தலையில் விழுந்தது. எங்கள் இஸ்லாத்தில் கட்டாயத் தர்மமான ஜகாத் பெறத் தகுதியான 8 வகையினரில் கடன்பட்டவர்களும் உண்டு. பெண்கள் கமிட்டி அந்த வகையில் என் கடனை அடைத்தது. என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் சபையிலும் விதவைகளுக்கான நிதி இருக்கும். நோயைச் சொல்லாமலே அதைக் கேட்கலாம், சகோதரி. குழுவுக்குப் போவது தனி, உதவி பெறுவது தனி.

வாடாமல்லி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிறைநிலா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, விதவை நிதியை முதலில் கேட்கிறேன். ஊசிநூல் அக்கா, அந்த அம்மாவிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? சந்தேகப்படுகிறேன் என்று மனசு நோகுமோ?

ஊசிநூல் எழுதியது:

நோகாது. "அம்மா, எனக்கு வர ஆசைதான். என் மகளுக்கு நாளைக்குப் பள்ளியில் ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது. அதனால் சிலதைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்குங்கள். பெண்களோடு இருந்து பழகியவர் என்றால் அவரே மிச்சத்தைச் சொல்லிவிடுவார். முதல் நாள் போனதும் எதையும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. போய் உட்காருங்கள், மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். வந்து இங்கே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.