ஸ்குவீஸ்: ‘பிழிவு’ வேண்டாம், ‘நெருக்கு’ போதும்

ஐயா, வணக்கம். குழுவில் மற்றவர்களுக்கும் வணக்கம். பிரிட்ஜ் சீட்டாட்டச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடி ஐயா எழுதியதற்கு என் பதில் இது. ஸ்குவீஸ் என்பது, வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டையே எதிராளி கழிக்கும்படி செய்வது.

> பிரிட்ஜ் ஆட்டத்தின் ஸ்குவீஸுக்குப் ‘பிழிவு’ என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல், குழப்பம் வராது.

குழப்பம் வராதுதான். ஆனால் மேசையில் நடப்பது பிழிதல் இல்லையே! ஆங்கிலத்திலேயே அது பேஸ்பாலிலிருந்து வாங்கிய பெயர். சீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க ஆட்டக்காரர் சிட்னி லென்ஸ் என்பார்கள். இரவலுக்கு இரவல் எதற்கு? நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

கடைசி மூன்று சீட்டு, துருப்பு இல்லாத ஆட்டம். தெற்கும் வடக்கும் கூட்டாளிகள், கிழக்கும் மேற்கும் எதிராளிகள். ஆடுகிற தெற்கின் கையில் கிளாவர் ஏஸ், இஸ்பேடு 2, ஆர்ட்டின் 2. எதிரே டம்மியில் (மேசையில் விரித்து வைத்த கூட்டாளி கை, அதையும் தெற்கே ஆடுவார்) இஸ்பேடு ஏஸ், ஜாக், ஆர்ட்டின் ராஜா. மேற்கிடம் இஸ்பேடு ராஜா, ராணி, ஆர்ட்டின் ஏஸ். தெற்குக்கு உறுதியான பிடி, அதாவது வெல்லும் சுற்று, இரண்டுதான். கிளாவர் ஏஸை இறக்குகிறார். மேற்கிடம் கிளாவர் இல்லை, எதையாவது கழித்தாக வேண்டும். ஆர்ட்டின் ஏஸைக் கழித்தால் டம்மியின் ராஜா பெரிதாகிவிடும்; டம்மி ஜாக்கைக் கழித்துவிடும். இஸ்பேடு ராணியைக் கழித்தால் டம்மி ஆர்ட்டின் ராஜாவை விடும். அடுத்து இஸ்பேடு ஏஸில் மேற்கின் ராஜா விழ, ஜாக் பிடிக்கும். இருதலைக் கொள்ளி எறும்புதான். மூன்று பிடியும் தெற்குக்கே. அதே சீட்டுகள் கிழக்கிடம் இருந்தால் பலிக்காது: டம்மி முதலில் கழித்தாக வேண்டும், கிழக்கு அதைப் பார்த்துவிட்டுப் போடுவார்.

மேற்கின் கஷ்டம் என்ன? காவலுக்கு மூன்று சீட்டு வேண்டும், வைத்துக்கொள்ள இரண்டுக்குத்தான் இடம். இடம் போதாததைத்தானே நெருக்கடி என்கிறோம்? அதன் வேரான ‘நெருக்கு’ போதும் என்கிறேன். வினையாகவும் வளையும்: மேற்கை நெருக்கினேன், மேற்கு நெருக்குப்பட்டார். கிளாவர் ஏஸ் நெருக்குச்சீட்டு. இரண்டு எதிராளிகளையும் நெருக்கினால் இரட்டை நெருக்கு. உண்மையில் நெருக்கடியே இல்லாமல் எதிராளி பயந்து தப்பான சீட்டைக் கழித்தால் பொய் நெருக்கு. ‘பிழிவை’ வைத்து இதெல்லாம் சொல்லிப் பாருங்கள், இடியாப்பம் ஞாபகம்தான் வரும்.

> பிரெஞ்சுக்காரர்களே ஸ்குவீஸ் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் புதுச்சேரியில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டேன் ஐயா, சரிதான். அவர்களுக்கு அது போதும். துருப்பும் கிளாவரும்கூட கப்பலேறி வந்தவைதாம், விரட்டச் சொல்லவில்லை. ஆனால் ஸ்குவீஸ் இன்னும் அப்படி ஒட்டவில்லை. ‘துருப்புச்சீட்டு’ மாதிரி சீட்டையே தொடாதவர்களும் சொல்கிற அளவுக்கு வந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

> ‘ரெக்டிஃபை த கவுன்ட்’டுக்கு ‘எண்ணிக்கை திருத்தல்’?

வேண்டாம், மதிப்பெண் பட்டியல் போல இருக்கிறது. எப்படியும் தோற்க வேண்டிய பிடிகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி நிற்கும்படி செய்வதுதான் அது. ‘கடனடைப்பு’ பொருந்துகிறது. நெருக்குக்கு வழிசெய்யும் ‘வியன்னா கூ’ என்ற உத்தியின் பெயர் அப்படியே இருக்கட்டும், ஊர்ப்பெயரை நாம் தொட வேண்டாம்.

ஆட்டத்தைக் கூட்டாளி கைக்குக் கொண்டுபோகும் வழியான ‘என்ட்ரி’தான் இடிக்கிறது. ‘நுழைவு’ என்றால் டிக்கெட் வாசனை அடிக்கிறது. மேலே உள்ள ஆட்டத்தில் இஸ்பேடு 2 இல்லாவிட்டால், மேற்கு இஸ்பேடு ராணியைக் கழித்ததும் தெற்கு டம்மியின் இஸ்பேடு ஏஸுக்குப் போக முடியாது, நெருக்கியும் பயனில்லை. கடலூர்ப் பக்கம் சீட்டாடுகிறவர்கள் கூட்டாளி கைக்கு ஆட்டத்தை மாற்றுவதை எப்படிச் சொல்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி