சந்தேகம்: ஆடித் தள்ளுபடி போஸ்டரில் "30%" கண்ணில் படவே மாட்டேங்குது

கேள்வி:
ஜவுளிக்கடைக்கு ஏ3 போஸ்டர், போட்டோஷாப்பில். இடது பக்கம் மாடல், பார்வையும் இடது பக்கம். முந்தானையை வலது கையில் ஏந்தியிருக்காங்க. சரிகைக் கரை இடது கீழ் மூலைக்கு இறங்குது. வலது பக்கம் தங்க கிரேடியன்டில் "30%". நாலு மூலையிலும் ஸ்டார் ஷேப். எழுத்தை 90 பாயின்டிலிருந்து 140 ஆக்கியும் பலனில்லை. எங்கே தப்பு?

பதில் 1:
எழுத்தின் அளவில் இல்லை. மாடலின் பார்வையும் சரிகைக் கரையும் இரண்டுமே தாளுக்கு வெளியே போகுது. முகத்தைப் பார்த்த கண் அதே வழியில் வெளியேறிடும். மேலே புது லேயர் போட்டு இரண்டின் மேலும் கோடு இழுத்துப் பாருங்க, தெரியும்.

படத்தை ஃபிளிப் மட்டும் செய்யாதீங்க. முந்தானை வலது தோளுக்கு மாறிடும். புடவைக் கடைக்காரர் முதல் பார்வையிலேயே கண்டுபிடிச்சிடுவார். ஃபிளிப் பண்ணாம, அப்படியே வலது பக்கம் நகர்த்துங்க. இப்போ பார்வை உள்ளே வரும். கண் மட்டத்தில் "ஆடித் தள்ளுபடி", அதன் கீழே சரிகைக் கரை முடியுற இடத்தில் "30%". கரைக்கும் எண்ணுக்கும் 10–15 மி.மீ. இடைவெளி விடுங்க, ஒட்டினா இரண்டும் குழம்பிடும்.

பதில் 2:
நிறத்தையும் கவனிங்க. தங்க கிரேடியன்ட் சரிகையோட நிறம், அதனால எண்ணும் புடவையில் ஒரு பூ மாதிரி கலந்துடுது. அடர் அரக்குப் பின்னணியில் கிரேடியன்ட் இல்லாத வெளிர் மஞ்சள் வைங்க. மேலே ஒரு ஹியூ/சாச்சுரேஷன் லேயர் போட்டு சாச்சுரேஷனை -100 ஆக்குங்க (நிறமெல்லாம் போயிடும், இது சோதனைக்கு மட்டும்). எண்ணும் பின்னணியும் ஒரே சாம்பலா தெரிஞ்சா இன்னும் சரியாகலை.

ஸ்டார் ஷேப் நாலையும் எடுத்துடுங்க. அதுங்கதான் கண்ணை மூலைக்கு மூலை இழுக்குது.

அப்புறம் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஈ அழுத்தி எல்லாத்தையும் ஒரே லேயரா எடுத்து, அதில் காசியன் பிளர் (மங்கலாக்குற ஃபில்டர்) 60 பிக்சல் கொடுங்க (300 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில், அது சுமார் 5 மி.மீ.). மங்கலிலும் முகமும் 30%-உம் மட்டும் தனியா நிற்கணும். மூணாவதா எது எழுந்து நின்னாலும் அதைக் குறைங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, 30% பளிச்னு தெரியுது! ஆனா கீழே இருக்கிற தேதியை யாரும் படிக்கலை. நடுவுல முழு அகலத்துக்கு ஒரு தங்கக் கோடு இருக்கு.

பதில் 1:
அந்தக் கோடுதான் சுவர். குறுக்குக் கோட்டில் கண் பக்கவாட்டில் ஓடிடும், கீழே இறங்காது. அதை எடுத்துட்டு, தேதியை "30%"-இன் இடது ஓரத்துக்கு நேரா, அதே மஞ்சளில், 36–40 பாயின்டில் வைங்க. நடுவில் வைக்காதீங்க, ஓரம் விலகினா தொடர்ச்சி அறுந்துடும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புறதா இருந்தா, போனில் திறக்காம சாட்டில் தெரியுற சின்ன அளவிலேயே தேதி படிக்க வருதான்னு பார்த்துட்டு பிரஸ்ஸுக்குக் கொடுங்க.